எழுபத்தொன்றில் கொடுத்த சம்மதம்

பாங்போச்சே,
கார்த்திக மாதம் பதினெட்டு, காலை.

பெருமதிப்பிற்குரிய யாங்சென் அக்காவுக்கு, உன் தம்பி கெல்சாங் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது.

நீயும் அத்தானும் பௌதா வீட்டில் மூட்டுவலி, சளி, தண்ணீர்த் தட்டுப்பாடு எதுவும் இல்லாமல் சௌக்கியமாக இருக்க மூன்று ரத்தினங்களையும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் என் கையெழுத்தைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்பதால் அதை இப்போதைக்கு எழுதாமல் விடுகிறேன். நீ பின்னிக் கொடுத்த கம்பளிக் குல்லாவை லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கியதும் மாட்டினேன். உனக்குச் சத்தியம் செய்தபடி இன்றுவரை கழற்றவில்லை, தூக்கத்தில்கூட. முன்பக்கம் ஏன் கரடி படம் போட்டிருக்கிறாய் என்பதுதான் விளங்கவில்லை. நீ செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று பேசாமல் இருக்கிறேன். குளிக்கும்போதாவது கழற்றினாயா என்று கேட்பாய். குளிக்கவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். இங்கே ஒரு பாறைமேல் ஏறி நின்றால் டவர் கிடைக்கிறது. ஆனால் போனில் நீ முதல் வாக்கியத்திலேயே குறுக்கே பாய்வாய், நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போகவே முடியாது. கடிதம் என்றால் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் கடைசி வரிவரை படித்துத்தான் தீர வேண்டும். ஆகவே முதலில் உட்கார்ந்துகொள்.

நீ என்னை எதற்காக மலைக்கு அனுப்பினாய் என்பது எனக்கு மறக்கவில்லை. என் மகள் டிக்கி முதன்முறையாகத் தானே தலைவியாக நின்று ஆமா தப்லாம் சிகரத்துக்கு நாலு வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப் போகிறாள். அவளுடைய சமையல்காரருக்கு மஞ்சள் காமாலை வந்ததால், பத்தொன்பது வருஷமாக மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காமல் பௌதாவில் மோமோ அவித்துக்கொண்டிருந்த நான் கரண்டியோடு கிளம்பினேன். நீ ஒரே ஒரு நிபந்தனை போட்டாய். டிக்கியை யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் அடுத்த மாதம் சிமெண்ட் கடைக்காரர் தன் மகனுக்குப் பெண் கேட்டுக் குடுவையோடு வருகிறார், அந்தக் கல்யாணம் நடந்தால் அவள் கடையில் நாற்காலி போட்டு உட்காருவாள், மலைப் பேச்சே இருக்காது. அவள் அம்மா போனபின் மூன்று வயதிலிருந்து அவளை வளர்த்தவள் நீ. நம் வீட்டில் மலைக்குப் போய்த் திரும்பி வராதவர் ஒருவர் உண்டு, அவர் பெயரை நாம் சொல்வதில்லை, நானும் இங்கே எழுதவில்லை. உன் பயம் எனக்குத் தெரியும், அக்கா. எனக்கும் அதே பயம்தான்.

விமான நிலையத்தில் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "யார் வீட்டுல எதக் குடுத்தாலும் மொதல்ல குடுவையோட கழுத்தப் பாரு. வெண்ணெய் தடவியிருந்தா பொண்ணு கேக்க வந்திருக்காங்கன்னு அர்த்தம். அப்பன்காரன் ஒரு வாய் குடிச்சா முடிஞ்சுது கதை. தொடாத."

குடித்துவிட்டேன், அக்கா.

இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொன்னால் இதில் என் குற்றம் ஒன்றுமில்லை, எல்லாம் உயரத்தின் குற்றம் என்பது உனக்கே விளங்கும். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்பார்கள். அந்த மீன் குஞ்சு பத்தொன்பது வருஷம் தரையில் கடை போட்டிருந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. எங்கள் காலத்தில் உடம்பை உயரத்துக்குப் பழக்குவது என்பது சுலபம்: துரை விழும்வரை நடப்போம், விழுந்த இடத்தில் கூடாரம் அடிப்போம். உன் மருமகளிடம் அதெல்லாம் நடக்காது. பகலில் உயரே ஏறு, ராத்திரி இறங்கி வந்து படு என்கிறாள். நேற்றுப் படுத்த இடத்திலிருந்து இன்று படுக்கும் இடம் இத்தனை மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், மதுபானம் தொடக்கூடாது, தலைவலித்தால் மறைக்கக்கூடாது. இது விருந்தாளிகளுக்கு மட்டுமல்ல, சமையல்காரனுக்கும் சேர்த்து. பெற்ற அப்பனைப் பார்த்து "இன்னிக்கு ஒண்ணுக்கு என்ன நிறம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறாள்.

இதில் முக்கியமான சாமான் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் காட்டும். காத்மாண்டுவில் எல்லோருக்கும் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. மேலே போகப் போக இறங்கும். எனக்கு ஒரு சாமானைச் சோதித்துப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது என்பதை உன் தையல் மிஷினைக் கேட்டால் சொல்லும். ஆகவே நாம்சேயில் முதல் நாள் அதை ஒரு கேரட்டில் மாட்டிப் பார்த்தேன், எண் வரவில்லை. பாலாடைக்கட்டியில் மாட்டினேன், வரவில்லை. எங்கள் சுமை தூக்கி வந்த ஜோப்கியோ மாட்டின் காதில் மாட்டினேன், தொண்ணூற்றுமூன்று. மாட்டுக்காரர் சோனாமுக்கு ரொம்பப் பெருமை. பிறகு சாயங்காலம் விருந்தாளிகள் வரிசையாக விரலை நீட்டினார்கள். எண்பத்தொன்பது, தொண்ணூறு என்று வந்தது. பின்லாந்திலிருந்து வந்திருக்கும் ஹெல்வி அம்மா ஓய்வுபெற்ற நீதிபதி, அறுபத்திரண்டு வயது, அவருக்குத் தொண்ணூற்றொன்று. நான் குழாய்த் தண்ணீரில் முட்டைக்கோசைக் கழுவி முடித்த கையோடு போய், யாரும் பார்க்காதபோது மாட்டிப் பார்த்தேன். எண்பது.

மாட்டைவிடப் பதிமூன்று குறைவு, அக்கா. இந்த மண்ணில் பிறந்த ஷெர்பா நான். டிக்கி நோட்டோடு வந்து "அப்பா, உங்களுது?" என்று கேட்டபோது "எண்பத்தெட்டு" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். பொய் ஒன்று சொன்னால் அதற்குத் துணையாக இன்னும் ஒன்பது வேண்டும் என்பார்கள், எனக்கு அந்தச் சிரமமே இல்லை. தினமும் அதே எண்பத்தெட்டைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆனால் உடம்பு பொய் சொல்லவில்லை. நாம்சேயிலேயே தலைவலி ஆரம்பித்துவிட்டது. சும்மா தலைவலி இல்லை, நெற்றியிலிருந்து காதுக்கு மேலாகப் பின்மண்டை வரைக்கும் இரும்புப் பட்டை போட்டு முறுக்கினாற்போல. ராத்திரி எழுந்து பூண்டை உரித்து உரித்துத் தின்றேன், உயரத்துக்கு அதுதான் மருந்து. தலைவலி போகவில்லை, என் பக்கத்தில் படுத்திருந்த சோனாம்தான் வேறு அறைக்குப் போய்விட்டார். திங்போச்சே போய்ச் சேர்ந்தபோது பட்டை இன்னும் இறுகியிருந்தது. காய்கறி கழுவிவிட்டு மாட்டிப் பார்த்தேன், எழுபத்தாறு. அறிவு இருக்கிறவன் அங்கேயே மகளிடம் சொல்லியிருப்பான். எனக்கோ சொல்லவும் வெட்கம், இன்னும் எவ்வளவுதான் இறங்கும் என்று பார்க்கவும் ஆசை.

திங்போச்சேயில் நாங்கள் தங்கியது கியால்சென் வீட்டு விடுதியில். உனக்குத் தெரிந்த கியால்சென்தான், லோசார் புத்தாண்டுச் சமயத்தில் உன் வீட்டுக்கு உலர்ந்த பாலாடைக்கட்டி கொண்டுவந்து தருவாரே. அவருக்கு உர்கென் என்று ஒரு மகன், இருபத்தொன்பது வயது, மலையேறுவதில்லை, விடுதிச் சமையலறை அவன் பொறுப்பு. என்னடா இது, இந்த ஊரில் மலையேறாத இளவட்டமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஆகவே அவனைத் தோண்ட ஆரம்பித்தேன். நான் சமையல்காரன், அடுப்படியில் உட்கார எனக்கு அழைப்பு வேண்டியதில்லை.

மறுநாள் உடம்பைப் பழக்குவதற்காக எல்லோரையும் ஊருக்கு மேலே உள்ள முகட்டுக்கு டிக்கி கூட்டிப்போனாள். தேநீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். முகட்டு உச்சியில் கட்டியிருக்கும் கொடிகள் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தபோது, விருந்தாளிகளில் ஓர் இளைஞனுக்கு நடை கோணியது. டிக்கி நின்றாள், எல்லோரையும் திரும்பச் சொன்னாள். அந்தப் பையனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பத்து நிமிஷத்துல அந்தக் கொடி இருக்கு. நான் அதுக்குத்தான் வந்தேன்."

"கொடி நாளைக்கும் அங்கதான் இருக்கும். நாளைக்கு நீங்களும் இருக்கணும்ல?" என்றாள் உன் மருமகள், குரலை உயர்த்தாமல். பையை அவன் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா, நான் இளவயதில் பதினொரு தலைவர்களுக்குக் கீழே வேலை செய்திருக்கிறேன். பத்து நிமிஷத் தூரத்தில் உச்சியை வைத்துக்கொண்டு, முகம் சுளிக்கிற விருந்தாளியை வைத்துக்கொண்டு, திரும்பு என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. அன்றைக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் நம் வீட்டில் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க வேண்டியிருக்காது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் மற்றவர்களுக்கு முன்னால் வேகமாக இறங்கி வந்துவிட்டேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வேண்டுமே. வாய்க்கால் தண்ணீரில் ஒரு கூடைக் கிழங்கைக் கழுவி முடித்து, சட்டைப் பையிலிருந்த மிஷினை எடுத்து மாட்டினேன். எழுபத்தொன்று. இரண்டாம் தடவையும் எழுபத்தொன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள், இனிமேல் வருகிற எல்லாவற்றுக்கும் இதுதான் சாட்சி.

அப்படியே போய் உர்கெனின் அடுப்படியில் உட்கார்ந்தேன். அவன் கிழங்கைச் சீவி, அம்மியில் அரைத்து, ரிகிகுர் அடை சுட மாவு கரைத்துக்கொண்டிருந்தான். கல் காய்ந்துவிட்டது, ஆனால் மாவை ஊற்றவில்லை. ஜன்னல் வழியாக முகட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான். வளைவில் டிக்கியின் சிவப்பு ஜாக்கெட் தெரிந்த பிறகுதான் முதல் கரண்டியை ஊற்றினான்.

"ஏன்டா இவ்வளவு நேரம் கல்லக் காயவிட்ட?" என்றேன்.

"அந்த வளைவுல இருந்து வாசலுக்குப் பன்னெண்டு நிமிஷம் மாமா. இப்ப ஊத்துனா சூடா இருக்கும்."

"அவ மலைக்குப் போறது உனக்குப் பயமா இல்லையா?"

"இல்லாம என்ன. நெறைய இருக்கு."

"பின்ன எப்ப நிறுத்துவன்னு கேட்டியா அவள?"

"அதக் கேட்டதில்ல. எப்ப எறங்குவன்னுதான் கேப்பேன். அடுப்பு மூட்டணுமே."

முதல் ரிகிகுர் அவளுக்கு என்று எடுத்து வைத்தான். அடுத்த ஆறும் எனக்கு. மேலே வெண்ணெயும் மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்டு அவன் தந்ததைச் சாப்பிட்டபோது தலைவலிகூடச் சற்று ஒதுங்கி நின்றது. அதைத்தான் ஆபத்தின் அறிகுறி என்று நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்போது கியால்செனும் அவர் மனைவி யாங்ஜியும் உள்ளே வந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, விடுதி வேலைக்கு நடுவே, கியால்சென் பட்டுச் சட்டை போட்டு நரித்தோல் தொப்பி வைத்திருந்தார். யாங்ஜி கோடுபோட்ட புது முன்துணியை இடுப்பில் கட்டியிருந்தாள். கையில் மரக்குடுவை. நான் கழுத்தைப் பார்த்தேன், அக்கா, பார்க்காமல் இல்லை. மூன்று இடத்தில் வெண்ணெய். கண் பார்த்துவிட்டது, ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போகும் வழியில் எழுபத்தொன்று உட்கார்ந்திருந்தது. அவ்வளவு குறைந்த காற்றில் ஒரு செய்தி எவ்வளவு வேகமாக ஏற முடியும்?

யாங்ஜி கிண்ணத்தில் சாங் மதுவை ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். புளித்த அரிசி வாசனை கும்மென்று வந்தது.

"குடிங்கண்ணா."

"வேணாம்மா, தலைவலிக்குது," என்றேன்.

"குடிங்கண்ணா, குடிங்க."

"நெசமாவே வேணாம்மா. மேல ஏறும்போது தொடக்கூடாதுன்னு என் பொண்ணு சட்டம் போட்டிருக்கா."

அவள் புருஷன் பக்கம் திரும்பி, "அண்ணன் எவ்வளவு மரியாதை தெரிஞ்சவரு பாருங்க," என்றாள்.

நம்மவர்கள் வழக்கத்தில் இதுதான் சங்கடம். பசியோடு வந்தவனும் இரண்டு தடவை மறுக்க வேண்டும், விஷம் என்று தெரிந்தவனும் இரண்டு தடவைதான் மறுக்க முடியும். மூன்றாவது தடவை மறுத்தால் அது பகை. உண்மையாகவே வேண்டாம் என்கிறவனுக்கு நம் முன்னோர்கள் ஒரு வழியும் வைக்கவில்லை. மூன்றாவது தடவை கிண்ணம் என் உதட்டுக்கே வந்துவிட்டது. மோதிர விரலை நனைத்து, மேலே மூன்று தடவை தெறித்துத் தெய்வங்களுக்குக் கொடுத்தேன், பிறகு குடித்தேன். அவள் நிரப்பினாள், குடித்தேன். மறுபடி நிரப்பினாள், அதையும் குடித்தேன். கியால்சென் எழுந்து என் கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துண்டைப் போட்டார், உர்கென் என் காலருகே குனிந்தான். அப்போதுதான் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்ந்தது.

சரியாகப் பன்னிரண்டாவது நிமிஷத்தில் டிக்கி உள்ளே வந்தாள். வெண்ணெய்க் குடுவை, பட்டுத் துண்டு, என் மீசையில் சாங். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"எழுபத்தொண்ணும்மா," என்றேன்.

"எது எழுபத்தொண்ணு?"

"என் எண்ணு. அறிவு மயங்குன நெலமை. நான் குடிச்சது நான் குடிச்சதாவே கணக்கில்ல."

"நேத்து எண்பத்தெட்டுன்னீங்க?"

"அது பொய்."

"முந்தாநாளு?"

"அதுவும் பொய். தலைவலியும் இருக்கு, நாம்சேல இருந்து."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கோபம் என்று முதலில் நினைத்தேன், கோபமில்லை. கல்யாணப் பேச்சு எதுவும் பேசவில்லை. "காலைல வெளிச்சம் வந்ததும் நீங்க கீழ போறீங்க. இன்னும் பொய் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்றாள்.

"சமையல்?"

"உர்கென் பாத்துப்பாரு."

மருமகனாக வந்தவன் அரை மணி நேரத்தில் என் கரண்டியையும் பிடுங்கிக்கொண்டான், அக்கா.

மறுநாள் காலை கிளம்புவதற்கு முன் என் கேள்வியைக் கியால்செனிடமே வைத்தேன்: எழுபத்தொன்றில் கொடுத்த சம்மதம் செல்லுமா? அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "அண்ணே, என் மாமனார் எனக்குச் சம்மதம் சொன்னது இதே அடுப்படியில. அப்ப மிஷின் கெடையாது. இருந்திருந்தா, இந்தப் பள்ளத்தாக்குல பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகலைன்னு ஆயிருக்கும்," என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

வாசலில் ஹெல்வி அம்மா பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் தீர்ப்புச் சொன்னவர், அவரைவிட யாரைக் கேட்பது? எனக்குத் தெரிந்த மொழியிலும் கையிலும் வழக்கைச் சொன்னேன். அவர் ரொம்பக் கவனமாகக் கேட்டுவிட்டு, புத்தி நிலையில் இல்லாதவன் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், ஆனால் அவன் பெற்றுக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். நான் பெற்றது மூன்று கிண்ணம் சாங்கும் ஆறு ரிகிகுரும். அதைத் திருப்பும் வழி எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது: "பொண்ணோட சம்மதம் எந்தக் குடுவையில இருக்கு?" அந்தக் கேள்வியையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாங்போச்சே வந்ததும் கோம்பா மடத்துக்குப் போய் லாமாவைக் கேட்டேன். அவர் ஒரே ஒரு விஷயம்தான் விசாரித்தார்.

"குடிக்கறதுக்கு முன்னால விரல நனைச்சு மேல தெறிச்சியா?"

"தெறிச்சேன், ரின்போச்சே."

"எத்தன தடவ?"

"மூணு."

"அப்ப உனக்கு முன்னாலயே தெய்வங்க குடிச்சாச்சு. உனக்கு எழுபத்தொண்ணு, சரி. அவங்களுக்கு எவ்வளவுன்னு பாத்தியா?"

ஆனாலும் அவர் இரக்கமுள்ளவர். வளர்த்தவளுக்கும் உரிமை உண்டு, காலிக் குடுவையை அவள் நிரப்பித் திருப்பி அனுப்பினால் பகையில்லாமல் பேச்சை முறித்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி சொன்னார். ஆகவே அக்கா, இந்தக் கடிதத்தோடு, யாங்ஜி என் பையில் வைத்து அனுப்பிய அந்தக் குடுவையையும் சோனாமிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ அதை நிரப்பி, தம்பிக்கு அப்போது புத்தி நிலையில் இல்லை என்று இரண்டு வரி எழுதி, கியால்செனுக்குத் திருப்பி அனுப்பு. சிமெண்ட் கடைக்காரர் சொன்னபடியே வரட்டும். நீ சொன்னால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். கீழே இறங்கி இரண்டு நாளாகியும் தலையைச் சுற்றி அந்தப் பட்டை விடவில்லை, என் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரன் பாடம் படிக்கிறானா என்று விசாரித்ததாகச் சொல். வீட்டு மாடியில் காயப்போட்ட மிளகாயைக் காக்கை கொத்தாமல் இருக்கட்டும், உன் கோபம் இந்தக் காகிதத்தோடு தீரட்டும், நீ நூறு வயது இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டி முடிக்கிறேன்.

உன் புத்தி தெளியாத தம்பி,
கெல்சாங்

பின்குறிப்பு, கார்த்திக மாதம் இருபது.

சோனாம் இன்னும் கிளம்பவில்லை. காதில் தொண்ணூற்றுமூன்று காட்டிய அந்த மாடு இரண்டு நாளாக நொண்டுகிறது. அதற்குள் டிக்கி எல்லோரையும் கூட்டிக்கொண்டு இங்கே இறங்கி வந்துவிட்டாள். வந்ததும் சுமையைக்கூட இறக்காமல் நேரே என்னிடம் வந்தாள்.

"இன்னும் வலிக்குதா? எங்க வலிக்குதுன்னு காட்டுங்க."

விரலால் தலையைச் சுற்றிக் கோடு போட்டுக் காட்டினேன். அவள் என் குல்லாவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. உர்கென் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வந்தது. நெற்றியில் விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு தடம் இருக்கிறதாம். டிக்கி அந்தக் கரடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அத்தை பேரனுக்குப் பின்னுனதுப்பா. அவனுக்கு ஒன்பது வயசு," என்றாள். அக்கா, அங்கே உன் பேரன் கண்ணை மறைக்கிற ஒரு பெரிய குல்லாவோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தால் அது என்னுடையது. இது கழன்ற கால் மணி நேரத்தில் தலைவலி போய்விட்டது.

பிறகு என் கையை அடுப்பில் காட்டிச் சூடாக்கச் சொல்லி மிஷினை மாட்டினாள். தொண்ணூறு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. போய் வாய்க்காலில் கிழங்கு கழுவிவிட்டு வந்து மாட்டினேன், எழுபத்துமூன்று. சூடாக்கினேன், தொண்ணூறு. இப்படி ஐந்து தடவை செய்து பார்த்தேன், ஐந்து தடவையும் அதேதான். கை ஈரமாக, ஜில்லென்று இருந்தால் மிஷின் உளறுமாம். "கைய நல்லாத் தேச்சு சூடு பண்ணிட்டு வைங்கன்னு மொத நாளே எல்லாருக்கும் சொன்னேனே," என்றாள். சொன்னாள்தான், நான் அப்போது கேரட்டை வைத்துக்கொண்டிருந்தேன். ஆகமொத்தம், பொய் என்று நினைத்து நான் சொல்லிவந்த எண்பத்தெட்டுதான் ஏறக்குறைய உண்மை.

அப்படியானால் திங்போச்சேயில் என் புத்தி ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. வெண்ணெயைப் பார்த்தவனும் நான், குடித்தவனும் நான்.

"அப்ப ஏம்ப்பா குடிச்சீங்க?" என்று கேட்டாள். நானும் அதைத்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். அந்தப் பையன் வளைவைப் பார்த்துக்கொண்டு மாவை ஊற்றாமல் நின்றானே, அதற்காகத்தான் குடித்தேன் என்று சொன்னேன். அவள் மலைக்குப் போகும்போதெல்லாம் நீயும் மாடி ஜன்னலை விட்டு நகராமல்தானே இருக்கிறாய், அக்கா. உன்னைத் தவிர அப்படி நிற்கிற இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை. சிமெண்ட் கடைக்காரர் மகன் நல்லவனாக இருக்கலாம், ஆனால் அவள் போக மாட்டாள் என்பதுதான் அவன் தைரியம். இவன் அவள் போவாள் என்று தெரிந்தும் அடுப்பை மூட்டுகிறான்.

அவள் சம்மதத்தையும் கேட்டேன், நீதிபதி அம்மா முன்னாலேயே. "மூணு வருஷமாக் கேட்டுட்டிருக்காருப்பா," என்றாள். "ரெண்டு வருஷம் வேணாம்னுட்டேன்." சொல்லிவிட்டுக் கயிறுகளை எண்ணப் போய்விட்டாள். நாளை அடிவாரக் கூடாரத்துக்கு ஏறுகிறோம். கரண்டி மறுபடி என் கையில், குல்லா என் பையில்.

ஆகவே குடுவை இந்தக் கடிதத்தோடு வரவில்லை, உர்கெனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது நிரம்பி, கழுத்தில் வெண்ணெயோடு, கியால்செனும் யாங்ஜியும் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் உன் வாசலுக்கு வருகிறது. காத்மாண்டுவில் உன் விரல் தொண்ணூற்றேழு காட்டும், என்னைப்போல் சாக்குச் சொல்ல வழியில்லை. முதல் இரண்டு தடவை நீ தாராளமாக மறுத்துக்கொள்.